எந்தப் பக்கம் கத்துவது?

1990 ஏப்ரலில் நார்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி குடியேறிகளுக்கு ஒரு சோதனை வைத்தார்: கிரிக்கெட் மேட்சில் நீங்கள் கத்துவது வாழ வந்த நாட்டுக்கா, விட்டு வந்த நாட்டுக்கா? அதே ஆண்டு ஜூனில் இலங்கையில் மறுபடியும் போர் மூண்டது. படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் கும்மிடிப்பூண்டி முகாமில் குடியமர்த்தப்பட்டார்கள். உயிருக்குப் பயந்து ஓடிவந்த நாட்டின் அணிக்கு இவர்கள் எதற்குக் கத்தப் போகிறார்கள்? டெபிட்டுக்கு இப்படியொரு கூட்டம் தட்டுப்பட்டிருக்காது.

விஷயம் அவ்வளவு லேசாகவும் இல்லை. 1996 மார்ச் 13, கொல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்ததும் ரசிகர்கள் பாட்டில் வீசி, தீ வைத்தார்கள். வெற்றி இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. டீக்கடை டிவி முன்னால் நின்ற முகாம்காரர்கள் வாயே திறக்காமல் கலைந்தார்கள். ராஜீவ் கொலைக்குப் பிறகு கெடுபிடி இறுகியிருந்த காலம். சிரித்தால் வம்பு, வருத்தப்பட்டால் நடிப்பு. நாலு நாள் கழித்து லாகூரில் அரவிந்த டி சில்வா 107 அடித்து ஆஸ்திரேலியாவைச் சாய்த்தபோதுதான் கொஞ்சம் தாராளமாகச் சிரிக்க முடிந்தது. எதிரணி இந்தியா இல்லையே!

2011 ஏப்ரல் 2, மும்பையில் இந்தியா–இலங்கை உலகக் கோப்பை இறுதிப் போட்டி. முகாமில் பெயின்ட் வேலைக்குப் போகும் ஒருவரின் வீடு. ஒரே அறை, டிவி முன்னால் மூன்று தலைமுறை. போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மைதானத்துக்கு இலங்கை அதிபர் ராஜபக்சவும் வந்திருந்தார். அவர் முகம் தெரிந்தால் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவார். மகன் மஞ்சள் பனியனில் உட்கார்ந்திருந்தான்; அவனுக்குத் தோனி முதலில் சென்னையின் கேப்டன், அப்புறம்தான் இந்தியாவுக்கு.

முரளிதரன் பந்தை வாங்கியதும் அப்பம்மா நிமிர்ந்தார். "எங்கட பெடியன் போடுறான், கத்தாதையடா."

முரளி கண்டித் தமிழர், 2005இல் சென்னையில் பெண்ணெடுத்தவர், முதல் மூன்று ஐ.பி.எல்.லிலும் சென்னை அணிக்கு ஆடியவர். எப்படிப் பார்த்தாலும் சொந்தக்காரர்தான். அன்று 8 ஓவர் போட்டும் விக்கெட் விழவில்லை. அதுவே அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம். குலசேகராவின் பந்தைத் தோனி சிக்சருக்குத் தூக்கியதும் மகன் வெளியே பாய்ந்து சரவெடியைக் கொளுத்தினான். அப்பம்மா முறைத்தார்.

"அவன் இங்க பிறந்தவன் அம்மா, வேற ஆருக்குக் கத்துவான்?" என்றார் வீட்டுக்காரர்.

சட்டத்துக்கு அது போதாது. 1987 ஜூலைக்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்தாலும், தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. வெடி கொளுத்தியவன் பெயர் அகதிப் பதிவேட்டில் இருந்தது.

2013இல், ஈழத் தமிழருக்காகத் தமிழகம் கொதித்திருந்த நேரம், சென்னை ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடக் கூடாது என்று முடிவானது. அப்போது பெங்களூரு அணியில் இருந்த முரளியும் அதில் அடக்கம். அந்த நியாயத்தை அப்பம்மாவுக்கு யாராலும் விளங்க வைக்க முடியவில்லை.

2019 ஜூனில், அன்று வெடி கொளுத்தியவனுக்கு டொரன்டோ சித்தப்பா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. ராப்டர்ஸ் அணி என்.பி.ஏ. கோப்பையை வென்ற இரவு. தெருவெல்லாம் ஹாரன் சத்தம். "எங்கட டீம் வெண்டிட்டுது மச்சான்!" அவனிடம் கனடா பாஸ்போர்ட் இருக்கிறது.

சிப்காட் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இவன், நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பதில் தட்டினான்: "சூப்பர்டா. ஞாயித்துக்கிழமை நமக்குப் பாகிஸ்தானோட மேட்ச். ஷிப்ட் மாத்திட்டேன்."