ஸூர் துறைமுகத்தில் ஒரு பழைய மரக்கலம்

ஓமானில் தொழில் புரியும் என் மச்சான் பல வருடங்களாகவே அழைத்துக்கொண்டிருந்தார். 2018ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில்தான் போகக் கிடைத்தது. மஸ்கட்டிலிருந்து தென்கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் பயணம். ஒரு பக்கம் புல் பூண்டற்ற மலை. மறு பக்கம் நீலக் கடல். அந்தப் பாதை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊர்தான் ஸூர்.

ஸூர் நகரம் கப்பல்களால் வாழ்ந்த ஊர். இங்கு கட்டப்பட்ட பாய்க்கப்பல்கள் பருவக் காற்றை நம்பி இந்தியாவுக்கும் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் போய் வந்தன. பேரீச்சம்பழம் போகும், மலபாரிலிருந்து தேக்கு மரம் வரும். அந்தத் தேக்கிலேயே அடுத்த கப்பல் உருவாகும்.

அவற்றுள் ஒன்றை இன்றும் கரையில் காணலாம். அதன் பெயர் ‘பத்ஹுல் கைர்’. நன்மையின் திறப்பு என்று பொருள் கொள்ளலாம். ‘கன்ஜா’ என்னும் வகையைச் சேர்ந்தது. நீளம் 20 மீற்றருக்கும் அதிகம். பின்புறத்தில் மரச் சித்திர வேலை. 1951இல் இதே ஊரில் கட்டப்பட்டது. பின்னர் கைமாறி யெமன் நாட்டுக்குப் போய்விட்டது. தங்கள் ஊர்க் கப்பல் அந்நியக் கரையில் கிடப்பதை ஸூர் மக்கள் பொறுக்கவில்லை. பணம் சேர்த்து 1993இல் அதை விலைக்கு வாங்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழுது பார்த்து நிறுத்தினார்கள்.

“கொண்டுவந்து வைத்துவிட்டால் போதுமா? மரமல்லவா, எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?” என்று மச்சானிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் பக்கத்திலிருந்த படகு கட்டும் பட்டறைக்கு அழைத்துப் போனார்.

சுத்தியலின் ஓசை

அங்கே ஒரு பழைய ஸம்பூக் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. அதன் உள்ளே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு தச்சர். கேரளத்தின் பேப்பூரைச் சேர்ந்தவர். கப்பல் கட்டுவதற்குப் பேர்போன ஊர் அது. அவர் மலையாளம் பேச, நான் தமிழ் பேச, இருவருக்கும் நன்றாகவே விளங்கியது. நான் அவரைக் ‘காக்கா’ என்றேன். அவர் என்னை ‘உஸ்தாத்’ என்றார்.

என் கையில் ஒரு சிறிய சுத்தியலைத் தந்து, “இந்த வங்கைத் தட்டிப் பாருங்கள், உஸ்தாதே” என்றார்.

வங்கு என்பது படகின் விலா எலும்பு. அரபிகள் ‘ஷல்மான்’ என்கிறார்கள். அடியில் நீளமாக ஓடும் ஏரா மரம் முதுகெலும்பு என்றால், அதிலிருந்து இரு பக்கமும் வளைந்து எழுபவை வங்குகள். முதல் வங்கைத் தட்டினேன், கணீரென்றது. இரண்டாவது, மண்ணில் தட்டியது போலப் பொத்தென்றது. வெளியே பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

“கடல் தண்ணீர் மரத்தை அவ்வளவு அழிக்காது. மழைத் தண்ணீர்தான் எதிரி. மேல்தட்டில் ஒழுகி வங்கின் தலையில் தேங்கும். அங்கிருந்துதான் உளுக்க ஆரம்பிக்கும்” என்றார். இரும்பு ஆணியும் அப்படியே. துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். அதனால்தான் புதிய ஆணிக்கு எண்ணெயில் நனைத்த பஞ்சைச் சுற்றி அடிக்கிறார்கள்.

உளுத்த பாகத்தை மட்டும் சரிவாக அறுத்தெடுத்து, அதே சரிவில் புதிய மரத்தைப் பொருத்துகிறார்கள். முழுவதும் கெட்டிருந்தால் வங்கையே மாற்ற வேண்டும். அதற்கு வளைந்து வளர்ந்த மரமே தேவை. நேரான பலகையை வளைவாக அறுத்தால் அதன் நார் அறுந்துபோகும். அலை அடிக்கும்போது அந்த இடத்தில் முறியும். ஆகவே தச்சர் மரக்கிளையைப் பார்க்கும்போதே அதற்குள் வங்கைப் பார்க்கிறார்.

பலகைகளுக்கு இடையே பஞ்சு திணித்து அடைப்பதைத் தமிழில் ‘கலப்பற்று’ என்கிறோம். அரபியில் ‘கல்ஃபத’. இரு சொற்களின் ஓசையையும் கவனியுங்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக

“ஏன் காக்கா, எல்லா வங்கையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடியாதா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “முடியும். படகும் முடிந்துபோகும்.”

காரணத்தையும் விளக்கினார். இந்தப் படகுகளுக்கு வரைபடம் கிடையாது. முதலில் பலகைகளைக் கண்பார்வையாலேயே வளைத்து உடலைக் கட்டுகிறார்கள். பிறகுதான் அந்த வளைவுக்கேற்ப ஒவ்வொரு வங்கையும் செதுக்கிப் பொருத்துகிறார்கள். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. எல்லாவற்றையும் கழற்றினால் அணியமும் பின்புறமும் தொய்ந்து உருவமே மாறிவிடும். ஆகவே வெளியே முட்டுக் கொடுத்து, ஒரு வங்கைக் கழற்றி, அதையே அளவாக வைத்துப் புதியதைச் செதுக்கிப் பொருத்திய பின்புதான் அடுத்ததைத் தொடுவார்கள்.

“பழையது கையில் இருக்கும்போதே புதியதைச் செய்ய வேண்டும், உஸ்தாதே. அது தூளாகிப்போன பிறகு நான் எதைப் பார்த்துச் செதுக்குவேன்?”

“உங்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலைப் பழகுகிறார்களா?” என்று கேட்டேன்.

“இரண்டு பேரும் துபாயில். கடை வேலை” என்று சொல்லிவிட்டு மறுபடி உளியை எடுத்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நமது கரையில்

ஊர் திரும்பிய பின் ஒரு நாள் காலியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில், ஹிக்கடுவைக்கு அண்மையிலுள்ள தொடந்துவையில் இறங்கினேன். அங்குள்ள குமாரகந்த விகாரையில் யாத்திரா தோணியின் சிறிய மாதிரி ஒன்று இருக்கிறது. கயிற்றால் பலகைகளைத் தைத்து, பக்கத்தில் மிதவை கட்டிய பாய்க்கலம் அது. நமது கரைகளிலிருந்து இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றது. கடைசித் தோணி 1930ஆம் ஆண்டளவில் மாலைதீவுக் கடலில் உடைந்துபோனது.

ஸூர் மக்கள் பணம் சேர்த்தபோது அவர்களிடம் முழுக் கப்பலும் இருந்தது, அதைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த கைகளும் இருந்தன. நம்மிடம் மிஞ்சியது மேசையில் வைக்கும் அளவு மாதிரிதான். அதன் முன்னால் வெகு நேரம் நின்றேன். தச்சர் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது.

நம் ஊர்களில் இன்னும் உளி பிடிக்கும் முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அந்தப் பெரியவர் கையிலுள்ள சுத்தியலை வாங்கி ஒரு முறை தட்டிப் பார்க்கட்டும்.