வெட்டுத் துணிக்கு வந்த யோகம்

தலைநகரில் தீபாவளி முதலில் எங்கே வருகிறது என்று கேட்டால், ஜாலான் மஸ்ஜித் இந்தியா தையல் கடைகளின் தரையில் என்பேன். பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ரவிக்கைத் துணுக்குகள் கணுக்கால் அளவு குவிந்துவிடும். பச்சை, அரக்கு, மயில் கழுத்து என்று எத்தனை நிறங்கள்! கடை அடைக்கும் நேரத்தில் அத்தனையும் குப்பைச் சாக்குக்குள் போய்விடும்.

2018ஆம் ஆண்டு, எனக்குத் தைத்துக் கொடுக்கும் அண்ணனிடம் அதில் ஒரு சாக்கு கேட்டேன். "நாய்க்கு மெத்தையா? தாராளமா எடுத்துக்கிட்டுப் போம்மா. நாயாச்சும் பட்டுல படுக்கட்டும்!" என்று சிரித்தார்.

தோட்டத்தில் எங்கள் அம்மா துணியை வீசி நான் பார்த்ததில்லை. பழைய கைலிகளை அடுக்கித் தைத்த விரிப்பில்தான் பிள்ளைகள் ஐந்து பேரும் வளர்ந்தோம். ஆகவே இதென்ன பெரிய வித்தை என்ற எண்ணம் எனக்கு. துணுக்குகளைத் திணித்து, தலையணைபோல் உப்பலாக நான்கு மெத்தைகள் தைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மஸ்ஜித் ஜாமேக்கில் இலகு ரயில் ஏறினால் கடைசி நிலையம் அம்பாங். 1857இல் ஈயம் தேடி ஆற்று வழியே படகில் வந்த 87 சீனத் தொழிலாளர்கள், கரையேறிக் காட்டுக்குள் நடந்து சென்ற ஊர் இதுதான். இன்று ஈய லம்பமும் இல்லை, காடும் இல்லை. எங்கு பார்த்தாலும் கடை வீடுகளும் அடுக்குமாடிகளும்தான். நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து ஜாலான் கெர்ஜா ஆயர் லாமாவுக்குப் போனேன். 1958இல் தொடங்கிய சிலாங்கூர் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் அங்கே இருக்கிறது. வழி கேட்க வேண்டியதில்லை. குரைப்புச் சத்தமே அழைத்துச் சென்றுவிடும்.

உள்ளே ஈரமும் குளோரோக்ஸ் வாடையும். நம்மவர் ஒருவர் குழாய் பிடித்துக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மெத்தையை வாங்கி அழுத்திப் பார்த்தவர், "அக்கா, இது காயுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விரிப்பை அடிக்கடி துவைத்தாக வேண்டும். நம் ஊர் மழைக்கு இந்த உப்பல் மெத்தை உள்ளே நனைந்தபடியே கிடந்து பூஞ்சணம் பிடித்துவிடும்.

அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. தையலைப் பிரித்தார். துணுக்கோடு வந்த ரவிக்கைக் கொக்கி ஒன்று! "நாய் கடிச்சுக் குதறும் அக்கா. இதை முழுங்கினா வயித்தை அறுத்துத்தான் எடுக்கணும்." நீள நூலும் ஆகாதாம். பூனை விழுங்கினால், கயிறு இழுத்த சுருக்குப் பைபோல் குடல் மடிந்துபோகுமாம். நல்லது செய்யப் போய் ஓர் உயிருக்கு உலை வைத்திருப்பேனே!

வெட்கத்தோடு திரும்பும்போது கடைசிக் கூண்டைப் பார்த்தேன். கிழட்டுக் கறுப்பு நாய் ஒன்று. சிமெண்டில் படுத்துப் படுத்து முழங்கை இரண்டிலும் மயிர் உதிர்ந்து, தோல் காய்த்து வெடித்திருந்தது. கனத்த நாய்களுக்கு இப்படி ஆகுமாம். அதன் முழங்கைதான் என்னை மறுபடியும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார வைத்தது.

இம்முறை சாக்கைக் கொட்டி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஜரிகை, கண்ணாடிக் கல், கொக்கி வைத்ததெல்லாம் தள்ளுபடி. ஜார்ஜெட், நைலான் ஈரம் உறிஞ்சாது, அதுவும் தள்ளுபடி. லைனிங் பருத்தியும் டூ பை டூவும்தான் தேறின. பாதிச் சாக்கு குப்பைக்கே போயிற்று. மேலும் கீழும் பழைய கைலி. நடுவே துணுக்குகளைத் தட்டையாகப் பரப்பி, உள்ளே நகராமல் குறுக்கும் நெடுக்கும் தையல். விரல் கனம்தான். மூன்றடிக்கு இரண்டடி. அம்மாவின் விரிப்பேதான், போங்கள்! துவைத்துக் கொடியில் போட்டேன். அரை நாளில் காய்ந்துவிட்டது.

பதினொன்று சேர்ந்ததும் மீண்டும் அம்பாங் சென்றேன். அதே தம்பி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். கறுப்பு நாயின் கூண்டில் அவரே ஒன்றை விரித்தார். அது மோந்து பார்த்தது. காலால் இரண்டு முறை பிறாண்டியது. பிறகு மெத்தையைத் தாண்டிப் போய் வெறும் சிமெண்டில் படுத்துக்கொண்டது!

என் முகத்தைப் பார்த்துத் தம்பி சிரித்துவிட்டார். "பகல்ல சூடு அக்கா, தரைதான் அதுக்குக் குளிர்ச்சி. மழை பிடிக்கட்டும், பாருங்க."

நாலு மணிக்கு மழை பிடித்தது. டாக்சிக்குக் காத்திருந்தவள் கூண்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கறுப்பு நாய் மெத்தையில் சுருண்டு, முழங்கை இரண்டையும் அரக்குக் கைலியின் மேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.