ஒரு கையும் மூன்று கணக்கும்

விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்பு என்றால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் சட்டைகளுக்குக் காவல் இருந்தவன் நான். ஆனாலும் போன வருஷம் கோடையில் நியூஜெர்சியில் தங்கை வீட்டில் ஆறு வாரம் இருந்தபோது, ஒரு பையனுடைய வலது கையை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்கும்படி ஆகிவிட்டது.

பையன் என் மருமான். வயது 16. பள்ளிக்கூடத்து பேஸ்பால் குழுவில் பிட்சர். அதாவது பந்தை எறிகிறவன். கிரிக்கெட்டில் ஓடிவந்து கையை நீட்டிப் போடுகிறார்கள் அல்லவா? இவன் ஒரு சின்ன மேட்டின் மேல் நின்றபடி, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் இருக்கும் தட்டை நோக்கி, முழங்கையை மடக்கிச் சாட்டை சொடுக்குவதுபோல எறிய வேண்டும். அந்தச் சொடுக்கின் வேகத்தையெல்லாம் தாங்குவது முழங்கையின் உட்புறத்தில் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் ஒரு சின்ன நார்.

அங்கே கோடை விடுமுறை என்றால் ஓய்வு என்று எண்ணிவிடாதீர்கள். சனி, ஞாயிறு ஊர் ஊராகப் பந்தயம். மற்ற நாட்களில் பளு தூக்கும் பயிற்சி. கல்லூரிக்காரர்கள் வந்து ஆட்டத்தைப் பார்த்துப் பையன்களைக் குறித்துக்கொண்டு போகிற காலமும் அதுதான்.

பந்தயத்தில் பொழுது போகாமல், அவன் எறிகிற பந்துகளை எண்ணி என் நோட்டில் கோடு போட ஆரம்பித்தேன். மாப்பிள்ளை பார்த்துச் சிரித்தார். பிறகு, அதற்கு விதியே இருக்கிறது என்றார். மேஜர் லீக் பேஸ்பாலும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் 2014-ல் சொன்ன யோசனைப்படி, 15, 16 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 61 முதல் 75 வரை எறிந்தால் மூன்று நாள் ஓய்வு. அதற்கு மேல் போனால் நான்கு நாள்.

விதி நல்ல விதிதான். ஆனால் கோடையில் அவன் இரண்டு குழுக்களுக்கு ஆடினான். சனிக்கிழமை ஒரு குழுவுக்கு 68 பந்து. ஞாயிற்றுக்கிழமை மற்றொரு குழுவுக்கு 40. இருவர் கணக்கும் சுத்தம். திங்கட்கிழமை பயிற்சிக்கூடத்து வாத்தியார் அவன் தோளுக்கு இரும்பைக் கொடுத்தார். அவர் கணக்கும் சுத்தம். மூன்றையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கூட்டிக்கொண்டிருந்தது அந்தக் கை மட்டும்தான்.

ஒரு புதன்கிழமை இரவு அவன் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

"மாமா, அம்மாகிட்டே சொல்லாதீங்க. இன்னும் ரெண்டு வாரம்தான்" என்றான்.

சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். என்னை நம்பிச் சொன்னானே என்று கொஞ்சம் பெருமைகூட.

படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு இந்த நார்தான் கெட்டுப்போயிற்று. டாக்டர் பிராங்க் ஜோப் அவருடைய மற்றொரு கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் வைத்துக் கட்டினார். 1976-ல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். சிகிச்சைக்கே அவர் பெயர் நின்றுவிட்டது. ஜெயித்த கதைதான். ஆனால் அப்போது அவருக்கு வயது 31. இவனுக்கு இன்னும் மீசை சரியாக அரும்பவில்லை.

விடிந்ததும் தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

நார் அறவில்லை, நைந்திருக்கிறது, ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். மருமான் நாலு நாள் என்னோடு பேசவில்லை. அவன் பக்கத்தில் நியாயம் இருந்தது. நான் வாக்குத் தவறியவன்.

கைக்கு ஓய்வு, காலுக்கு இல்லை என்றார் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த அம்மாள். எறியின் பலம் தரையில் பிறந்து, கால், இடுப்பு வழியாகத்தான் கைக்கு வருகிறதாம். ஆகவே பஸ்கியும் முதுகுப் பயிற்சியும் நடந்தன. மறுபடி ஆடும்போது, பந்தயத்துக்கு மறுநாள் காலுக்குக் கடுமையான வேலை. வாரத்தின் நடுவில் மிதமாக. பந்தயத்துக்கு முந்தின நாள் இரும்பைத் தொடாதே. பந்தய காலத்தில் பளுவை அடியோடு விடாதே, குறைத்துக்கொள். வருஷத்தில் நாலு மாதம் எறியவே எறியாதே. உடம்பு பலப்படுவது தூக்கும்போது அல்ல, தூங்கும்போது.

எனக்குச் சுருக்கென்றது. ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிய வருஷம் ஞாபகம் வந்தது. இருவருக்கும் நாள் தவறாமல் கொடுத்தேன். இரண்டு கதைகளையும் இன்று எடுத்துப் படிக்க எனக்கே மனசு வருவதில்லை.

கிளம்புகிற அன்று, பெட்டி கட்டும்போது வந்து நின்றான். கோபம் தீர்ந்தது என்று சொல்லவில்லை.

"அந்த நோட்டை வெச்சுட்டுப் போங்க மாமா" என்றான்.

புதுப் பக்கத்தில் மூன்று பத்தி பிரித்துக் கொடுத்தேன்: சனி, ஞாயிறு, இரும்பு. நாலாவது கோட்டை அவனே போட்டான். மேலே 'மொத்தம்' என்று தப்பும் தவறுமாகத் தமிழில் எழுதிக்கொண்டான்.