சக்கரங்களின் மேல் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு. பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போகும் கூட்டம் ஒருபுறம். சற்றுத் தள்ளி, பைன் மரங்களுக்கு நடுவே உள்ள மேதர் முகாமில் ‘ஆர்.வி.’ எனப்படும் வீட்டு வண்டிகள் வந்து நிற்கின்றன. பெரும்பாலானவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். சிலருக்கோ அந்த வண்டிதான் வீடு. அவர்களது பிள்ளைகளுக்கு அதுவே பள்ளிக்கூடமும்கூட. ‘ரோடு ஸ்கூலிங்’ என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது.

வகுப்பறை வாசலிலேயே இருக்கிறது. விளிம்பை ஒட்டி 2010இல் திறக்கப்பட்ட ‘காலத்தின் பாதை’யில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டுகள் பின்னோக்கிப் போனதாகக் கணக்கு. பள்ளத்தாக்கிலிருந்து கொண்டுவந்த பாறைகளை அவற்றின் வயதுக்கேற்ற இடத்தில் வைத்திருக்கிறார்கள். மிகப் பழைய பாறைக்கு வயது 184 கோடி ஆண்டுகள். அதைத் தொட இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடக்க வேண்டும். இந்தக் கணக்கில் மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டுகள் வெறும் 30 சென்டிமீட்டர். பள்ளிப் பையில் இருக்கும் அடிக்கோலின் நீளம். கால் வலிக்க நடந்து கற்ற இந்தப் பாடத்தை எந்தக் குழந்தையும் எளிதில் மறக்காது.

தேசியப் பூங்காக்களில் ‘ஜூனியர் ரேஞ்சர்’ என்றொரு ஏற்பாடும் உண்டு. கொடுத்த புத்தகத்தில் உள்ள பயிற்சிகளை முடித்துக் காட்டினால், காவலர் கேள்வி கேட்டு, உறுதிமொழி எடுக்கச் சொல்லி, பேட்ஜ் தருவார். ஊர் ஊராகச் சுற்றும் பிள்ளைகளுக்கு இந்த பேட்ஜ்கள்தான் மதிப்பெண் பட்டியல்.

வண்டிக்குள் நடப்பது வேறு பாடம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. 150 லிட்டர் நிரப்பினால் வண்டியில் 150 கிலோ கூடும். எரிபொருள் செலவும் கூடும். மேதர் முகாமில் வண்டிக்குத் தண்ணீர், மின் இணைப்பு கிடையாது. 2024 ஆகஸ்டில் பள்ளத்தாக்கின் ஊடாக வரும் குழாய் பலமுறை உடைந்தபோது, தெற்கு விளிம்பில் விடுதிகளையே மூடினார்கள்; முகாமில் குழாய்கள் நின்றன. தொட்டியில் மிச்சம் இருப்பதை அளந்து செலவழிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வகுத்தலும் பெருக்கலும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வண்டி ஓடினாலும் சட்டத்துக்கு ஒரு முகவரி வேண்டும். அமெரிக்காவில் வீட்டுக் கல்வி 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். விதிகள்தான் வேறு வேறு. நியூயார்க்கில் பாடத்திட்டத்தை எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் தர வேண்டும். டெக்சாஸிலோ அரசிடம் தகவல் சொல்லவே தேவையில்லை. கெடுபிடி குறைந்த மாநிலத்தில் முகவரி வைத்துக்கொள்வது நாடோடிக் குடும்பங்களின் வழக்கம். பிள்ளை என்ன படித்தது என்று கேட்க அங்கே ஆளில்லை. கேட்டுக்கொள்ள வேண்டியது பெற்றோர்தான்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. டோரியன் பாஸ்கோவிட்ஸ், ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் படித்தவர். மனைவி, ஒன்பது பிள்ளைகளோடு 24 அடி வண்டியில் கடற்கரை கடற்கரையாக வாழ்ந்தார். அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்தார், பள்ளிக்கு அனுப்பவில்லை. 2007இல் வந்த ‘சர்ஃப்வைஸ்’ ஆவணப்படத்தில் வளர்ந்த பிள்ளைகள் கடலைப் பற்றி ஆசையோடு பேசுகிறார்கள். பள்ளிப் படிப்பில்லாமல் வெளியுலகில் தடுமாறியதைக் கசப்போடும் பேசுகிறார்கள். தந்தை பட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் போனார். பிள்ளைகளிடம் தூக்கிப்போடவும் ஒன்றும் இருக்கவில்லை.

மாற்றலாகிக்கொண்டே இருக்கும் அரசு ஊழியர்களின் குடும்பங்களை நாம் அறிவோம். அங்கே ஊர் மாறினாலும் கேந்திரிய வித்யாலயாவின் பாடப் புத்தகம் மாறுவதில்லை. புது ஊரிலும் முப்பது, நாற்பது பிள்ளைகள் கூடவே உட்காருகிறார்கள். வீட்டு வண்டியில் இவை இரண்டும் இல்லை. இவற்றை ஈடுகட்டத்தான் பல குடும்பங்கள் ஒரே முகாமில் வாரக்கணக்கில் தங்குகின்றன. மற்ற வண்டிக் குடும்பங்களோடு சேர்ந்து பயணத்தைத் திட்டமிடுகின்றன. காலையில் கணக்கும் மொழியும் முடிந்த பிறகே வெளியே என்று கட்டுப்பாடு வைக்கின்றன.

பயணத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெற்றோர். இனி போதும், ஓரிடத்தில் இருந்து படிக்கிறேன் என்று பதினாறு வயதில் பிள்ளை சொன்னால், அதற்கு வேண்டிய படிப்பும் சான்றும் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால், 184 கோடி ஆண்டுப் பாறையைத் தொட்ட விரல்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைவது கடினம்.