திரும்பாத வாசல்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தினுள் நீண்டு கிடக்கும் முனையில் அமைந்திருக்கிறது தக்கார். செனகல் தேசத்தின் தலைநகரம். கடைவீதியில் பல வர்ணத் துணிகளைக் கண்டு களித்து, மீனும் சோறுமான 'செபுஜென்' உண்டு, ஊர் திரும்பிவிடலாம். ஆனால் கோரே தீவைக் காணாதவர் தக்காரைக் கண்டவராகார்.

துறைமுகத்தில் படகேறினால் சுமார் இருபது நிமிஷப் பிரயாணம். மோட்டார் வண்டி ஓடாத அமைதியான வீதிகள். சுவரெங்கும் காகிதப் பூக்கள். இந்த அழகின் நடுவே நிற்கிறது 'அடிமை வீடு'. மாடியில் எஜமானரின் விசாலமான அறைகள். கீழே மனிதரை அடைத்துவைத்த இருட்டறைகள். கடலைப் பார்த்த சிறு வழிக்குத் 'திரும்பாத வாசல்' என்று பெயர்.

அவ்வழியே சென்றவர் எத்தனை பேர் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. எண்ணிக்கை குறைந்தால் பாவம் குறைந்துவிடுமா? 1978-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இத்தீவை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது.

பிரெஞ்சுக்காரர் 1848-ல் அடிமை முறையை ஒழித்தார்கள். ஆனால் செனகல் சுதந்திரம் பெற்றது 1960-லேதான். விலங்கை அவிழ்த்த பின்னும், வீட்டை உரியவரிடம் ஒப்புவிக்க 112 வருஷங்கள் ஆயின!

மாலைப் படகு நம்மை மீண்டும் தக்காருக்கு அழைத்து வருகிறது. திரும்பி வருவதும் ஒரு பாக்கியம் என்பதை அன்றுதான் உணர்கிறோம்.