மதுவிடுதிகளின் பெயரில் ரயில் நிலையங்கள்

லண்டன் பாதாள ரயில் வரைபடத்தில் ஏஞ்சல், எலிஃபண்ட் அண்ட் காஸில், ராயல் ஓக், சுவிஸ் காட்டேஜ், மேனர் ஹவுஸ் என்று ஐந்து நிலையங்கள் வெவ்வேறு தடங்களில் சிதறிக் கிடக்கின்றன. இந்த ஐந்துக்கும் பொதுவானது எது என்பது பிரிட்டிஷ் பப்களில் மாலை வேளைகளில் நடக்கும் வினாடி வினாக்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி. விடை, கேள்வி கேட்கப்படும் இடத்திலேயே இருக்கிறது. ஐந்தும் மதுவிடுதிகளின் பெயர்கள். விடை சொன்னவருக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும், ஆட்டம் அடுத்த கேள்விக்குப் போய்விடும். ரயிலுக்கு முந்தைய இங்கிலாந்தில் மக்கள் எப்படிப் பயணம் செய்தார்கள் என்பது முழுவதும் அந்த ஒரு விடைக்குள் அடங்கியிருக்கிறது. அதற்காகவே இந்த நிலையங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ரயில் வருவதற்கு முன் இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளை ஆண்டவை குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டிகள். சில மைல்களுக்கு ஒருமுறை களைத்த குதிரைகளை அவிழ்த்துப் புதியவற்றைப் பூட்ட வேண்டும். அந்த இடங்களில் சத்திரங்கள் இருந்தன. சீட்டு வாங்குவது, வண்டிக்குக் காத்திருப்பது, சாப்பிடுவது, இரவு தங்குவது, தபாலும் மூட்டையும் கைமாறுவது எல்லாம் அங்கேதான். 1393இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டு, ஏல் என்னும் மதுவைக் காய்ச்சி விற்பவர் கட்டாயம் வாசலில் அடையாளப் பலகை மாட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். எழுத்தறியாதவரும் கண்டுகொள்ள வேண்டும் என்பதால் பலகைகளில் சிங்கம், மணி, கிரீடம், வெள்ளை மான் என்று படங்களே நிறைந்தன. வெள்ளை மான் ரிச்சர்டின் சொந்தச் சின்னம். வட லண்டனின் ஒயிட் ஹார்ட் லேன் நிலையத்தின் பெயரில் இன்றும் இருப்பது அந்த மான்தான். ஊர் என்று சொல்லிக்கொள்ளப் பத்து வீடு இல்லாத இடத்திலும் சத்திரம் இருந்தது. வண்டியோட்டியிடம் இறங்குமிடம் சொல்ல அதன் பெயர் போதும்.

ரயில் பிறந்தபோதும் இந்தப் பழக்கம் போகவில்லை. ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் பாதைக்கு ஆதரவு திரட்டும் கூட்டம் ஒன்று 1820 பிப்ரவரியில் யார்ம் என்ற ஊரின் ஜார்ஜ் அண்ட் டிராகன் விடுதியில் நடந்தது. 1825 செப்டம்பர் 27 அன்று ஷில்டனில் லோகோமோஷன் எஞ்சினில் வண்டிகளை இணைத்து ஸ்டாக்டனை நோக்கிப் புறப்பட்ட இடம் மேசன்ஸ் ஆர்ம்ஸ் என்ற பப்பை ஒட்டியது. ரயில் நிலையம் என்ற கட்டடத்தை அப்போது யாரும் கற்பனை செய்திருக்கவில்லை. பயணிகளும் பார்சல்களும் காத்திருக்கத் தெரிந்த ஒரே இடம் சத்திரம். 1826இல் அந்தக் கம்பெனி ஸ்டாக்டன், டார்லிங்டன், ஹைய்ங்டன் ஆகிய மூன்று இடங்களில் தானே விடுதிகளைக் கட்டியது. கம்பெனியை முன்னின்று நடத்தியவர்கள் எளிமைக்கும் ஒழுக்கத்துக்கும் பேர்போன குவேக்கர் சமயத்தார் என்பதை எண்ணிப் பார்த்தால், ரயிலுக்கு விடுதி எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பது புரியும்.

பப்பின் பெயரை அப்படியே நிலையத்துக்குச் சூட்டியதில் லண்டன் – கிராய்டன் பாதைக்கு முக்கிய இடம் உண்டு. 1839இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை, வீடுகள் அரிதாக இருந்த தென் லண்டன் புறப்பகுதிகள் வழியே சென்றது. ஒரு நிலையத்துக்கு டார்ட்மவுத் ஆர்ம்ஸ் என்றும் இன்னொன்றுக்கு ஜாலி செய்லர் என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டும் பக்கத்து விடுதிகள். சில ஆண்டுகளில் புறநகர் வளர்ந்து நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் வந்து சேர, டார்ட்மவுத் ஆர்ம்ஸ் 1845இல் ஃபாரஸ்ட் ஹில் ஆனது. ஜாலி செய்லர் 1846இல் நார்வுட் ஆகி, இன்று நார்வுட் ஜங்ஷன் என்று நிற்கிறது. உலகின் முதல் ரயில் மேம்பாலம் என்று கருதப்படுவதும் இதன் அருகில்தான் கட்டப்பட்டது. குதூகல மாலுமியின் பெயரை நீக்கியது ஒரு நல்ல பெயரை வீணாக்கிய செயல் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தது பிரிக்லேயர்ஸ் ஆர்ம்ஸ். ஓல்ட் கென்ட் ரோட்டின் கோச்சு விடுதி ஒன்றின் பெயரில் 1844இல் திறக்கப்பட்ட முனையம் இது. லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்குள் நுழைய வேண்டுமானால் லண்டன் – கிரீன்விச் கம்பெனியின் தண்டவாளத்தைப் பயன்படுத்தி ஒவ்வொரு பயணிக்கும் சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தவிர்க்கவே மற்றக் கம்பெனிகள் இதைக் கட்டின. நகர மையத்திலிருந்து தள்ளி இருந்ததால் பயணிகளிடம் எடுபடவில்லை. 1852இல் பயணிகள் சேவை நின்றது. சரக்கு நிலையமாக மட்டும் 1981 வரை ஓடியது. இன்று அங்கே வீடுகள் இருக்கின்றன. பெயர் ஒரு பெரிய சாலைச் சந்திப்புக்கு மிஞ்சியிருக்கிறது.

எலிஃபண்ட் அண்ட் காஸிலைப் பற்றி லண்டன்வாசிகள் பலர் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஸ்பெயினின் காஸ்டில் நாட்டு இளவரசி ஒருத்தி இங்கே தங்கினாளாம். இன்ஃபான்டா டி காஸ்டில் என்ற அவளது பட்டம் மக்கள் வாயில் மருவி யானையும் கோட்டையும் ஆனதாம். கேட்க இனிமையான இந்தக் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆவணம் சொல்வது வேறு. 1765 மார்ச்சில் வால்வொர்த் பண்ணையின் உள்ளூர் மன்றம் எலிஃபண்ட் அண்ட் காஸில் என்ற விடுதியில் கூடியதாக அதன் பதிவேட்டில் இருக்கிறது. முதுகில் கோட்டை சுமக்கும் யானை லண்டன் கத்தி செய்வோர் சங்கத்தின் சின்னம். கத்திப் பிடிகளுக்கு யானைத் தந்தம் பயன்பட்டதால் அந்தச் சின்னம் வந்தது. விடுதிப் பலகைக்கும் அதே சின்னத்தை எடுத்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம். தென் லண்டனின் பல சாலைகள் இங்கே கூடுவதால் விடுதிப் பெயர் சந்திப்புக்கும், பிறகு முழு வட்டாரத்துக்கும் பரவியது. 1890இல் உலகின் முதல் ஆழ்நிலை மின்சாரப் பாதாள ரயில் பாதை திறக்கப்பட்டபோது அதில் இதுவும் ஒரு நிலையம். உலகின் மிக நவீனமான ரயிலுக்கு ஒரு கோச்சு விடுதியின் பெயர்.

இஸ்லிங்டனின் ஏஞ்சல் இன்னும் பழையது. வடக்கே ஸ்காட்லாந்து வரை போகும் கிரேட் நார்த் ரோடு லண்டனை விட்டு வெளியேறும் வாயிலில் அந்தச் சத்திரம் இருந்தது. மாலையில் வந்து சேர்ந்த பயணிகள், வழிப்பறிக்குப் பேர்போன வயல்வெளியை இருட்டில் கடக்க அஞ்சி இரவு இங்கே தங்கி, விடிந்த பின் நகருக்குள் போவார்கள். பழைய சத்திரம் போய், அந்த மூலையில் 1903இல் குவிமாடத்தோடு புதிய கட்டடம் எழுந்தது. பின்னர் அது லயன்ஸ் கம்பெனியின் தேநீர் விடுதியானது. 1930களில் மோனோபோலி ஆட்டத்தின் லண்டன் பலகைக்கு இடம் தேடி லீட்ஸிலிருந்து வந்த வாடிங்டன்ஸ் நிறுவனத்தின் விக்டர் வாட்சனும் அவரது செயலாளர் மார்ஜரி ஃபிலிப்ஸும் இங்கே தேநீர் அருந்தியபடியே பேசி, இந்த இடத்தையும் பலகையில் சேர்த்ததாகச் சொல்வார்கள். மற்றச் சொத்துகளெல்லாம் தெருக்களும் சதுக்கங்களும் வட்டாரங்களுமாக இருக்க, ஒரு கட்டடத்தின் பெயரால் வந்த ஒரே சொத்து ஏஞ்சல். அதே பலகையின் நான்கு ரயில் நிலையங்களும் லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே என்ற ஒரே கம்பெனிக்குச் சொந்தமான முனையங்கள் என்பது வினாடி வினாக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் மற்றொரு தகவல். 1901இல் திறந்த ஏஞ்சல் நிலையத்தில்தான் லண்டன் பாதாள ரயிலின் மிக நீளமான நகரும் படிக்கட்டு இருக்கிறது. ஏறத்தாழ 60 மீட்டர் நீளம், 27 மீட்டர் ஏற்றம்.

மற்ற மூன்றும் சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. 1868இல் ரயில் வந்த சுவிஸ் காட்டேஜில், ஆல்ப்ஸ் மலைவீட்டின் சாயலில் கட்டிய விடுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருந்தது. ராயல் ஓக் நிலையம் 1871இல் வந்தது. 1651இல் வூஸ்டர் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ் ஒரு ஓக் மரத்தில் ஒளிந்து தப்பிய நினைவில், இங்கிலாந்து முழுவதும் எண்ணற்ற பப்களுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. மேனர் ஹவுஸ் 1932இல் வந்த நிலையம்.

இந்த ஐந்தோடு மைடா வேல் நிலையத்தையும் சேர்ப்பதே நியாயம். 1806இல் தெற்கு இத்தாலியின் மைடாவில் சர் ஜான் ஸ்டூவர்ட்டின் படை பிரெஞ்சுக்காரர்களை வென்றது. அந்த வெற்றியைக் கொண்டாடி எட்ஜ்வேர் சாலையில் ஹீரோ ஆஃப் மைடா என்ற பப் எழுந்தது. பப்பிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வட்டாரத்துக்கும், 1915 ஜூன் 6 அன்று நிலையத்துக்கும் பெயர் போயிற்று. முதல் உலகப் போரில் ஆண்கள் களத்துக்குப் போய்விட்டதால், திறந்த அன்று இந்த நிலையத்தின் ஊழியர்கள் அனைவரும் பெண்கள்.

ரயிலே நிற்காத ஒரு நிலையத்துக்கும் பப்பின் பெயர் உண்டு. ஹாம்ப்ஸ்டெட்டுக்கும் கோல்டர்ஸ் கிரீனுக்கும் இடையே தரைக்குக் கீழே ஏறத்தாழ 67 மீட்டர் ஆழத்தில் நார்த் எண்ட் நிலையத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். மேலே வீடுகள் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள். 1907இல் பாதை திறந்தபோது ரயில்கள் அங்கே நிற்காமல் போயின. முடிந்திருந்தால் பாதாள ரயிலின் மிக ஆழமான நிலையம் அதுவாக இருந்திருக்கும். ரயில் ஊழியர்கள் அதை அருகிலுள்ள பப்பின் பெயரால் புல் அண்ட் புஷ் என்றே அழைத்து வந்தார்கள்.

லண்டனுக்கு வெளியே ஒரு பப் ஒரு முழு ஊரையே பெற்றெடுத்த கதைகள் உண்டு. ஷ்ரோப்ஷயரில் ஷ்ரூஸ்பரி – ஹெரிஃபோர்டு பாதை 1852இல் வந்தபோது, கிரேவன் பிரபுக்களின் பெயர் தாங்கிய கிரேவன் ஆர்ம்ஸ் விடுதியின் பக்கம் வயல்களே அதிகம். நிலையம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. சந்திப்பைச் சுற்றி வளர்ந்த ஊருக்கும் அதுவே பெயராயிற்று. வேல்ஸின் திரீ காக்ஸ் ஜங்ஷனும் விடுதிப் பெயரே. நிலையம் 1962இல் மூடப்பட்டது, கிராமம் அந்தப் பெயரிலேயே தொடர்கிறது. கென்ட்டில் செவனோக்ஸின் ஓரத்தில் பேட் அண்ட் பால் என்ற நிலையம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலிருந்து கிரிக்கெட் ஆடப்படும் வைன் மைதானத்தின் ஊர் அது என்பதால், மட்டையும் பந்துமாகப் பெயர் வைத்த விடுதி ஒன்று அங்கே இருந்ததில் வியப்பில்லை.

இந்த வரிசையில் மிக நீண்ட பயணம் போன பெயர் நெல்சன். லங்காஷயரில் மார்ஸ்டன் என்று அழைக்கப்பட்ட சிற்றூர்களின் நடுவே, டிரஃபால்கர் வீரர் நெல்சனின் பெயரில் ஒரு விடுதி இருந்தது. 1849இல் நிலையம் வந்தபோது, யார்க்‌ஷயர் மார்ஸ்டனோடு குழம்பாமலிருக்க விடுதியின் பெயரையே சூட்டினார்கள். பருத்தி ஆலைகளால் ஊர் பெருகி, 1890இல் நெல்சன் என்ற நகராட்சியே உருவாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டக்காரர் லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் அந்த ஊரின் கிரிக்கெட் கிளப்புக்கு ஆடினார். 1969இல் பிரபுக்கள் சபைக்கு அவர் உயர்த்தப்பட்டபோது, ட்ரினிடாடின் மரவாலோடு லங்காஷயரின் நெல்சனும் அவரது பட்டத்தில் இடம்பெற்றது. அந்தச் சபையில் வாழ்நாள் பிரபுவான முதல் கறுப்பினத்தவர் அவர். ஒரு கடற்படைத் தளபதியிடமிருந்து பப்புக்கும், பப்பிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து நகரத்துக்கும் போன பெயர் இப்படி ட்ரினிடாடின் மைந்தரிடம் வந்து சேர்ந்தது.

நார்ஃபோக்கின் பெர்னி ஆர்ம்ஸ் இதற்கு நேர் எதிர். சாலை வசதியே இல்லாத சதுப்பு நிலத்தின் நடுவில் ஒற்றை நடைமேடை. 1844இல் நிலத்தை விற்ற பெர்னி என்ற நிலக்கிழார், அங்கே ஒரு நிலையம் என்றென்றும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நிலையம் இருக்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது, ரயில் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை என்று கம்பெனி பின்னர் வாதாடியது. எப்படியோ பிழைத்த அந்த நிலையம், பிரிட்டனில் மிகக் குறைவான பயணிகள் ஏறி இறங்கும் நிலையங்களில் ஒன்றாக இன்னும் இருக்கிறது.

பப் ரயிலுக்குப் பெயர் கொடுத்தது போல, ரயிலும் பப்புக்கு இடம் கொடுத்தது. சாப்பாட்டுப் பெட்டிகள் வருவதற்கு முன் ரயில்கள் வழியில் நின்று பயணிகளுக்குச் சாப்பிட அவகாசம் தந்தன. 1842இல் திறந்த ஸ்விண்டன் நிலையத்தின் உணவறையை, கட்டுமானச் செலவை ஏற்ற ஒப்பந்தக்காரர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். ஆண்டு வாடகை ஒரு பென்னி. எல்லா ரயில்களும் அங்கே 10 நிமிடம் நின்றாக வேண்டும் என்பதும் குத்தகையில் சேர்ந்தது. வேக ரயில்களின் காலம் வந்ததும் இது கழுத்தில் கட்டிய கல்லாயிற்று. 1895இல் 1,00,000 பவுண்டு கொடுத்துத்தான் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே விடுபட்டது.

கைவிடப்பட்ட அத்தகைய அறைகளில் சில இப்போது பப்களாகிவிட்டன. நியூகாஸிலின் சென்சூரியன், 1893இல் முதல் வகுப்புப் பயணிகளுக்காகக் கட்டிய கூடம். சுவர் முழுவதும் வண்ண ஓடுகள். ஷெஃபீல்டில் பல்லாண்டு பாழடைந்து கிடந்த உணவறை 2009இல் ஷெஃபீல்டு டேப் ஆகத் திறந்தது. லண்டன் யூஸ்டனின் 1837ஆம் ஆண்டுப் பெருவாயில் வளைவை 1961–62இல் இடித்துத் தள்ளினார்கள். அது இன்றுவரை ஆறாத இழப்பு. நிலையத்தின் முன் 1870இல் கட்டிய இரண்டு சிறு காவல் மாளிகைகள் மட்டும் தப்பின. அவற்றில் ஒன்றில் 2010இல் யூஸ்டன் டேப் தொடங்கியது. மாளிகைகளின் கற்களில் அன்று ரயில் போன ஊர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன.

ஒரே நாள்தான் கையில் உண்டு என்றால் மான்செஸ்டரிலிருந்து கிழக்கே போகும் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். ஹடர்ஸ்ஃபீல்டில் கிரேக்கக் கோயில் போன்ற தூண்கள் நிற்கும் நிலைய முகப்பின் இரு சிறகுகளிலும் பக்கத்துக்கு ஒரு பப் இருக்கிறது. அதற்கு முன்பே வரும் ஸ்டேலிபிரிட்ஜில், 1885 முதல் நடைமேடையிலேயே இருக்கும் உணவறையில் இறங்கிக்கொள்வது நல்லது. மது அருந்தாதவர்களுக்கும் அங்கே தேநீர் உண்டு. வினிகர் தெளித்த சூடான கறுப்புப் பட்டாணியும் கேட்டு வாங்கலாம்.