ஹாம்பிள் ஆற்றில் ஒரு சண்டை

தூத்துக்குடியின் திரேஸ்புரம் கரையில் வள்ளம் ஓட்டும் எவரும் அதற்காக வகுப்புக்குப் போய் நான் பார்த்ததில்லை. அப்பன் பின்பக்கம் உட்கார்ந்து எஞ்சினைத் திருப்புவதைப் பார்த்துப் பார்த்துப் படிந்ததுதான். இங்கிலாந்தின் தென்கரையில், சௌத்தாம்ப்டனை ஒட்டிய ஹாம்பிள் ஆற்றில், சின்ன மோட்டார் படகு ஓட்ட இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறார்கள் என்றதும் தூத்துக்குடிக்காரனான எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் எதற்கும் சர்டிபிகேட் கேட்பான் என்ற நினைப்போடுதான் போனேன்.

அங்கே போனால் கதை வேறு. அந்த நாட்டுக் கடலில் சொந்தப் படகை உல்லாசத்துக்கு ஓட்ட லைசென்ஸே வேண்டாமாம். காசிருந்தால் காலையில் வாங்கி மாலையில் ஓட்டலாம். 1875-இல் தொடங்கிய ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்திருக்கும் இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள், யாரும் கேட்காமலே வருகிறவர்கள்.

என்னோடு படகில் ஏறியது ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. படகை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். அதற்கு மனைவியின் பெயரையே வைக்கப்போவதாகக் கணவர் அறிமுகத்திலேயே சொல்லிவிட்டார். கற்றுக்கொடுக்க வந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள். எஞ்சினைத் தொடவிடாமல், முதலில் ஒரு சிவப்புக் கயிற்றைத்தான் கையில் கொடுத்தார். பழைய டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் சுருளாக இருந்தது. கில் கார்டு என்கிறார்கள். ஒரு முனை எஞ்சின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவரின் தொடையில். ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும்.

2013 மே மாதம் கார்ன்வாலில், பாட்ஸ்டோ அருகே, ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் வேகப்படகிலிருந்து தண்ணீரில் விழுந்தார்கள். கயிறு யார் காலிலும் இல்லை. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி அவர்கள் மேலேயே வந்தது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்துபோனார்கள். அந்த அம்மாள் இதைக் குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். ஊரில் நான் பார்த்த ஃபைபர் படகுகளில் இந்தக் கயிறு எஞ்சினிலேயே சுற்றிக் கிடக்கும். வலை இழுக்கிறவன் காலைக் கட்டிக்கொண்டு எப்படி வேலை செய்வான் என்று நாமும் கேட்கலாம். கேட்கத்தான் வாய் வரவில்லை.

முடிச்சுகளைக் கற்றுக்கொடுக்க அவர் சிறுபிள்ளைக் கதையைத்தான் வைத்திருந்தார். பௌலைன் என்றால், முயல் பொந்திலிருந்து வெளியே வரும், மரத்தைச் சுற்றும், மறுபடி பொந்துக்குள் போகும். கழுத்தில் சுருக்கு விழாத வளையம் அது. எவ்வளவு இழுபட்டிருந்தாலும் தளர்ந்தபின் கட்டைவிரலால் நெட்டினால் அவிழும். ஆனால் கயிறு விறைத்து நிற்கும்போது அவிழாது. காற்று படகை இழுத்துக்கொண்டிருக்கையில் அவிழ்க்க வேண்டிவரும் இடத்தில், வளையத்தை முழுசாகச் சுற்றி இரண்டு அரைமுடிச்சு போடுவதே உத்தமம். எந்த முடிச்சு பிடிக்கும் என்பதைவிட எந்த முடிச்சை எப்போது அவிழ்க்க முடியும் என்பதிலேயே அந்த அம்மாளுக்கு அக்கறை.

சண்டை வந்தது படகைத் துறையில் கட்டும்போது. கணவர் நீரோட்டத்தை முதுகில் வாங்கிக்கொண்டு, வேகமாக மிதவை மேடையை நோக்கி வந்தார். அணியத்தில் கயிற்றோடு நின்ற மனைவியைப் பார்த்து, "குதி! குதி!" என்று கத்தினார். நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குத் தண்ணீர்.

"நீங்க வந்து குதிங்க," என்றார் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்த அம்மாள் கை நீட்டிக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். "யாரும் குதிக்கக் கூடாது. குதிக்க வேண்டியிருந்தால் படகு இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்." பிறகு இருவரையும் இடம் மாறச் சொன்னார்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மனைவி படகைத் திருப்பி நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்தார். கியரைப் போட்டார், எடுத்தார், காத்திருந்தார். மறுபடி போட்டார், எடுத்தார். படகுக்கு பிரேக் கிடையாது, எதிர்நீரோட்டம்தான் பிரேக். மேடையைச் சாய்வாக நெருங்கியதும் முதலில் ஸ்டியரிங்கை மேடைப் பக்கம் முழுக்க ஒடித்து, அதன்பிறகே ரிவர்ஸ் கியரைத் தொட்டார். பின்பக்கம் தானாக உள்ளே வந்தது. மேடையில் உரசாமலிருக்கத் தொங்கவிட்ட ஃபெண்டர் லேசாக நசுங்கியது. கணவர் மேடையில் கால் எடுத்து வைத்து இறங்கினார்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் சாண்ட்விச்சைத் தொடவில்லை. ஃபிளாஸ்க்கின் கழுத்தில் பௌலைன் போட்டு அவிழ்த்துக்கொண்டே இருந்தார். அவரைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, அந்த அம்மாள் ஆற்றின் வாய்க்கு அப்பால் சோலன்ட் நீரிணைப் பக்கம் கைகாட்டினார். 2008 நவம்பரில் குயின் எலிசபெத் 2 கப்பல் கடைசி முறையாக சௌத்தாம்ப்டனுக்கு வந்தபோது அங்கேயுள்ள பிராம்பிள் மணல்திட்டில் தட்டி நின்றதாம். டக் படகுகள் வந்து இழுத்துவிட்டன. தண்ணீர் வெகுவாக வற்றும் ஒரு நாளில் வருஷாவருஷம் அதே திட்டில் கிரிக்கெட் ஆடுகிறார்களாம். அலை திரும்பினால் ஆட்டம் முடிந்தது. கணவர் முதல்முறையாகச் சிரித்தார்.

மாலையில், ஆறு நாட் வேக வரம்புக்குள், அந்த மனைவிதான் ஆற்றின் மேலே ஓட்டிக்கொண்டு போனார். கயிறு அவர் தொடையில். கணவர் ஃபெண்டர்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போட்டார். படகின் பின்புறம் பெயர் எழுத ஆளைச் சொல்லிவிட்டாயிற்றா என்று நான் கேட்டேன்.

"அவர் பெயரையே எழுதச் சொல்லிடலாம்," என்றார் மனைவி. "ஓட்டப்போறது நான்தானே."